மணிக்கும் வேண்டும் ஒரு தலைப்பெழுத்து

1943ஆம் ஆண்டில் பிறந்த ஒருவருடைய ஜாதகத்தைப் புதிதாகக் கணித்துத் தரும்படி யாராவது கேட்டு வந்தால், தொழிலில் நிதானமுள்ள ஜோதிடர் பிறந்த மணியைக் குறித்துக்கொண்டவுடனே கட்டம் போட உட்கார்ந்துவிடமாட்டார், "இது யுத்த நேரமா, பழைய நேரமா?" என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் மேலே போவார். இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரையில், இந்தியாவில் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள் என்பதும், ஆகையால் அந்தக் காலத்துக் கடிகாரம் காட்டிய மணியிலிருந்து ஒன்றைக் கழித்த பிறகே லக்னம் நிர்ணயம் செய்யவேண்டும் என்பதும் அவர் தம் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பாடம். வந்தவருக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உலகத்தின் பெரிய பெரிய நிறுவனங்களில் மென்பொருள் எழுதுகிற வல்லுநர்களை ஆண்டுக்கு இரண்டு இரவுகளில் தூங்கவொட்டாமல் அடிக்கிற கேள்வியும் ஏறக்குறைய அதுவேதான்.

அந்த இரண்டு இரவுகள் எவை என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஹவாயும் அரிஜோனாவின் பெரும்பகுதியும் நீங்கலாக மற்ற மாநிலங்களிலெல்லாம், மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பின்னிரவு இரண்டு மணி ஆனதும் கடிகாரத்தை மூன்று மணிக்குத் தள்ளிவிடுகிறார்கள்; நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னிரவு இரண்டு மணி அடிக்கவேண்டிய கணத்தில் அதைத் திரும்பவும் ஒரு மணிக்கு இழுத்துவிடுகிறார்கள். தேதிகள் இவ்விதம் அமைந்தது 2007ஆம் ஆண்டு முதல். இடையிலுள்ள எட்டு மாதங்களில் வழங்குவதை 'டேலைட் சேவிங் டைம்' என்கிறார்கள். நாம் சுருக்கமாகக் கோடை நேரம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆக, மார்ச் மாதத்து அந்த இரவில் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரம் பிறப்பதே இல்லை. நவம்பர் மாதத்து இரவிலோ ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் வந்து, போய், மறுபடியும் வருகிறது. முதலாவது நாளுக்கு இருபத்துமூன்று மணி. இரண்டாவது நாளுக்கு இருபத்தைந்து மணி.

இந்த ஏற்பாட்டின் பூர்வகதையை விஸ்தரிக்கவேண்டியதில்லை. கோடையில் விடியற்காலை வெளிச்சம் வீணாகிறதே, எல்லோரும் தூங்குகிறார்களே என்று மனம் நொந்த வில்லியம் வில்லெட் என்ற ஆங்கிலேயக் கட்டடக்காரர் 1907ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டு, ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தடவைக்கு இருபது நிமிஷமாகக் கடிகாரத்தை முன்னே தள்ளலாம் என்று யோசனை சொன்னார். அவர் 1915இல் காலமாகிவிட்டார். மறு வருஷமே, யுத்தத்தில் நிலக்கரியை மிச்சப்படுத்தவேண்டிய நிர்ப்பந்தத்தால், முதலில் ஜெர்மனியும் சில வாரங்களுக்குள் இங்கிலாந்தும் கடிகாரத்தைத் தள்ளிவைத்தன. வில்லெட்டின் காலத்தில் கடிகாரத்தைத் திருகி வைப்பதென்பது சுவரருகே ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி இறங்குகிற சிரமம் மாத்திரமே. மணியைக் கண்ணால் பார்த்துச் செயல்படுகிறவன் மனிதன் என்ற நிலை மாறி, மணியை எழுத்தால் படித்துச் செயல்படுகிற இயந்திரம் வந்த பிறகுதான் அதன் உண்மையான விலை தெரியவந்தது.

நியூஜெர்சியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 2024 நவம்பர் 3ஆம் தேதி பின்னிரவு ஒன்றரை மணிக்கு ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். கும்பகோணத்திலிருக்கும் பாட்டனார் ஜனன நேரத்தைக் கேட்கிறார். தகப்பனார், மருத்துவமனைச் சீட்டைப் பார்த்து, "ஒன்றரை மணி, மாமா" என்கிறார். அந்த இரவில் ஒன்றரை மணி இரண்டு தடவை வந்தது. முதல் ஒன்றரை மணி கும்பகோணத்துக் கடிகாரத்தில் முற்பகல் பதினொரு மணி. இரண்டாவது ஒன்றரை மணி, நடுப்பகல் பன்னிரண்டு. ஒரு லக்னம் சராசரியாக இரண்டு மணி நேரமே நிற்பதால், ஒரு மணி வித்தியாசத்தில் லக்னம் அடுத்த ராசிக்குத் தாவிவிடுவதற்கு ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு உண்டு. ஜோதிடத்தில் நம்பிக்கையில்லாதவர்களும் இன்னொரு விசித்திரத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அதே இரவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து, மூத்தது முதல் ஒன்று நாற்பதுக்கும் இளையது அரைமணி கழித்து இரண்டாவது ஒன்று பத்துக்கும் வந்திருந்தால், சர்க்கார் சான்றிதழைப் படிக்கிற எவரும் இளையதைத்தான் மூத்தது என்பார்கள். இப்படிப்பட்ட பிறப்புகள் அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தியாகவே வந்திருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. காலம் என்னவோ அன்றைக்கும் மற்ற நாளைப் போலத்தான் ஓடுகிறது. பூமி ஒரு மணி நேரம் பின்புறமாகச் சுழன்றுவிடவில்லை. திரும்பி வந்தது நேரமல்ல, நேரத்தின் பெயர். ஒரு வகுப்பில் இரண்டு முருகேசன்கள் இருந்தால், வாத்தியார் வருகைப் பதிவேட்டில் வெறுமே 'முருகேசன்' என்று எழுதிவைத்துவிட்டு, மாலையில் யார் வந்தான், யார் வரவில்லை என்று யோசித்துப் பிரயோஜனமில்லை. அவர் காலையிலேயே கே. முருகேசன், எஸ். முருகேசன் என்று தலைப்பெழுத்தோடு எழுதிவைத்துக்கொள்கிறார். பையன்கள் இருவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த தொல்லை, பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்தவுடன் தீர்ந்துபோகிறது.

நம்முடைய பஞ்சாங்க கணிதர்கள் இதை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டவர்கள். சந்திரனுடைய பன்னிரண்டு மாதங்கள் சூரியனுடைய ஓராண்டைக் காட்டிலும் சுமார் பதினொரு நாள் குறைவாக இருப்பதால், தெலுங்கரும் கன்னடியரும் அனுசரிக்கும் சாந்திரமான முறையில், ஏறக்குறைய முப்பத்துமூன்று மாதங்களுக்கு ஒரு தடவை ஒரு மாதம் இரட்டித்து வருகிறது. 2023ஆம் ஆண்டில் ச்ராவண மாதம் அப்படி இரண்டு தடவை வந்தது. பெயர் ஒன்று, மாதம் இரண்டு என்ற இந்தச் சங்கடத்தை அவர்கள் ஜனங்களுடைய ஊகத்துக்கு விட்டுவிடவில்லை. முன்னதை அதிக ச்ராவணம் என்றும் பின்னதை நிஜ ச்ராவணம் என்றும் அடைமொழி கொடுத்துப் பிரித்து, விரதங்கள் எதில் என்பதையும் விதித்துவிட்டார்கள். ஒரே திதி இரண்டு சூரியோதயங்களைத் தொட்டுக்கொண்டு நின்றால் அதற்கு ஒரு பெயர். எந்த உதயத்தையும் தொடாமல் நழுவிப்போனால் க்ஷயம் என்று இன்னொரு பெயர். சௌரமானத்தைக் கைக்கொண்ட தமிழருக்கு மாதம் இரட்டிக்கும் தொல்லை இல்லையென்றாலும், இரட்டித்து வருவதும் விடுபட்டுப் போவதும் கணக்கின் குற்றமல்ல, பெயரிடும் முறையின் விளைவு என்ற ஞானம் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது.

இனிக் கணினியின் உள்ளே போவோம். கணினிக்கு உள்ளூரக் கோடை நேரமும் தெரியாது, குளிர்கால நேரமும் தெரியாது. பெரும்பாலான இயந்திரங்கள் 1970ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி நள்ளிரவை, கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரமாகிய யுடிசியின்படி, தொடக்கமாக வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து எத்தனை விநாடி சென்றது என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றன. சூரியோதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்று கணக்கிடும் நம் உதயாதி நாழிகையைப் போன்றதுதான் இதுவும். உதயம் மாத்திரம் ஒரே ஒரு உதயம். இந்த எண்ணிக்கையில், நியூஜெர்சியின் முதல் ஒன்றரை மணி 1,73,06,11,800ஆவது விநாடி. இரண்டாவது ஒன்றரை மணி 1,73,06,15,400ஆவது விநாடி. நடுவே சரியாக 3,600 விநாடி. எண்ணுகிற வரையில் இயந்திரத்துக்கு மயக்கமே இல்லை. அந்த எண்ணை மனிதன் படிக்கும்படி 'ஒன்றரை மணி' என்று மொழிபெயர்க்கும்போதுகூட மோசமில்லை. அந்த மொழிபெயர்ப்பை மாத்திரம் ஏட்டில் எழுதிக்கொண்டு மூலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பின்னொரு நாளில் 'ஒன்றரை மணி' என்பதை மறுபடியும் எண்ணாக மாற்றப் புகும்போதுதான் விபரீதம் விளைகிறது. அப்போது இயந்திரத்தின் முன் இரண்டு எண்கள் நிற்கின்றன, எது என்று சொல்லுவார் யாருமில்லை.

விளைவுகள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம். ஒருவர் முதல் ஒன்று ஐம்பதுக்குத் தம் கணக்கில் பணம் செலுத்துகிறார். இருபது நிமிஷம் கழித்து, அதாவது இரண்டாவது ஒன்று பத்துக்கு, அந்தப் பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுக்கிறார். வெறும் கடிகார மணியை வைத்து வரிசைப்படுத்தும் பேரேடு, அவர் பணம் கட்டுவதற்கு நாற்பது நிமிஷம் முன்னதாகவே எடுத்துவிட்டார் என்று சாதிக்கும். இல்லாத பணத்தை எடுத்ததற்காக அபராதமும் போட்டாலும் போடும். இரவு பதினொரு மணிக்கு வந்து காலை ஏழு மணிக்குப் போகிற தாதி, அந்த நவம்பர் இரவில் உண்மையாக உழைத்தது ஒன்பது மணி நேரம். ஏழிலிருந்து பதினொன்றைக் கழிக்கக் கற்ற மென்பொருளுக்கு அது எட்டு மணிதான். உண்மையில் உழைத்த நேரத்துக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்பது அந்நாட்டுத் தொழிற்சட்டம். சட்டத்தை மீறியது முதலாளியின் பேராசையல்ல, ஒரு கழித்தல் கணக்கு. 'தினந்தோறும் ஒன்றரை மணிக்கு வட்டியைச் சேர்' என்று கட்டளையிட்டு வைத்திருந்தால், அன்றைக்கு வட்டி இரண்டு தடவை சேரக்கூடும். 'இரண்டரை மணிக்குச் சேர்' என்று வைத்திருந்தால், மார்ச் மாதத்தில் ஒரு நாள் சேராமலே போகக்கூடும். நோயாளிக்கு எந்த மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்ற குறிப்பு குழம்பிவிடலாகாதே என்று, அந்த இரட்டிக்கும் மணியில் கணினியை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளும் அமெரிக்க மருத்துவமனைகளும் உண்டு.

ரயிலின் யுக்தி இவற்றையெல்லாம்விட எளிமையானது. அமெரிக்காவில் நெடுந்தூரப் பயணிகள் ரயில்களை நடத்தும் ஆம்ட்ராக்கின் இரவு வண்டிகள், நவம்பர் மாதத்து அந்த இரவில், வழியில் ஏதாவதொரு நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிடுகின்றன. நிற்காமல் ஓடினால் எல்லா ஊருக்கும் ஒரு மணி முன்னதாகப் போய்ச் சேர்ந்து, அங்கே ஏறவேண்டியவர்களை விட்டுவிட்டுப் புறப்படவேண்டிவரும் அல்லவா? மார்ச் மாதத்திலோ, இரண்டு மணி மூன்று மணியாகிற கணத்திலேயே ஓடுகிற வண்டிகள் அத்தனையும் ஒரு மணி தாமதமாகிவிடுகின்றன. முடிந்தவரை ஈடுகட்டப் பார்ப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை. இரயில் நிற்கலாம், பாங்குக் கணக்கும் தொலைபேசியும் மின்சார மீட்டரும் நிற்க முடியாது.

ஆகவே மென்பொருள் எழுதுகிறவர்கள் ஏதேனும் ஒரு முடிவுக்கு வந்தாகவேண்டும். வியப்பு என்னவென்றால், அவர்கள் வந்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. வெறுமே 'நியூயார்க், நவம்பர் 3, ஒன்றரை மணி' என்று ஜாவா மொழியிடம் கொடுத்தால், 2014இல் அதற்குப் புதிதாக அமைந்த கால நூலகம், இரண்டில் முன்னதை எடுத்துக்கொள்கிறது. அதே சொற்களைப் போஸ்ட்கிரெஸ் என்னும் பிரசித்தமான தரவுத்தளத்திடம் கொடுத்தால், அது பின்னதை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் தத்தம் ஆவணங்களில் இந்த விதியை ஒளிக்காமல் எழுதித்தான் வைத்திருக்கின்றன. ஆனால் ஒரே நிறுவனத்தில் ஜாவாவில் எழுதிய முன்கூடமும் போஸ்ட்கிரெஸ் காக்கும் பின்கூடமும் இருந்துவிட்டால், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே ஒரு மணி நேரம் வேறுபட்டு நிற்பார்கள், ஆண்டு முழுவதும் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் சமாதானமாக இருப்பார்கள். பிழைகளில் மிகக் கொடியது எப்போதும் நேர்கிற பிழையல்ல; ஆண்டுக்கு ஒரு தடவை, எல்லோரும் தூங்குகிற வேளையில் நேர்கிற பிழையே.

பைதான் மொழியைப் பேணுகிறவர்கள் 2016இல் செய்த ஏற்பாடு பஞ்சாங்கக்காரருக்கு வெகு சமீபத்தில் வருகிறது. தேதியும் மணியும் உள்ள குறிப்போடு 'ஃபோல்டு', அதாவது மடிப்பு, என்று ஒரு சிறு அடையாளத்தைச் சேர்த்தார்கள்; காலத்தின் பெயர்ப்பட்டியலை ஒரு துணியைப் போல மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று படிகிற பகுதி என்று கருத்து. அது பூஜ்யமாக இருந்தால் முதல் ஒன்றரை மணி. ஒன்றாக இருந்தால் இரண்டாவது ஒன்றரை மணி. அதிகமும் நிஜமும் இங்கே பூஜ்யமும் ஒன்றுமாக மாறிவந்திருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்காக வகுத்த டெம்போரல் என்னும் ஏற்பாடு இன்னும் ஒரு படி மேலே போய், நிரல் எழுதுகிறவனையே கேட்கிறது: முன்னதை எடுக்கட்டுமா, பின்னதை எடுக்கட்டுமா, அல்லது இப்படிப்பட்ட இரட்டை மணி வந்தால் ஏற்றுக்கொள்ள மறுத்துத் தகவல் சொல்லட்டுமா? மறுத்துவிடுவது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கலாம். மருந்து, பணம், சம்பளம் முதலிய விஷயங்களில், தெரியாததைத் தெரிந்ததுபோல் ஊகித்துக்கொண்டு புன்னகை செய்கிற இயந்திரத்தைக் காட்டிலும், "எந்த ஒன்றரை மணி என்று தெரியவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற இயந்திரமே யோக்கியமானது.

இதைவிட எளிய வழி, மணியை எழுதும்போதே தலைப்பெழுத்தோடு எழுதிவிடுவது. ஜெர்மனியில் அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி இரண்டு மணியாகிறபோது, இரட்டிக்கும் மணியில் முன்னதை 2ஏ என்றும் பின்னதை 2பி என்றும் குறிக்கவேண்டும் என்று அரசாங்க விதியே இருக்கிறது. மென்பொருள் உலகத்தில் அந்தத் தலைப்பெழுத்துக்கு 'ஆஃப்செட்' என்று பெயர்: உலகப் பொது நேரத்திலிருந்து இத்தனை மணி முன்பின் என்கிற வித்தியாசம். நியூயார்க்கின் முதல் ஒன்றரை மணியை '1:30, கழித்தல் 4' என்றும், இரண்டாவதை '1:30, கழித்தல் 5' என்றும் எழுதிவிட்டால், பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவனுக்கும் சந்தேகம் எழ இடமில்லை. சில எழுத்துகளுக்கு மேல் செலவில்லை. நடந்துபோன சம்பவங்களை எழுதிவைப்பதற்கு இதுவோ, அல்லது யுடிசியிலேயே எழுதிக்கொண்டு பார்வைக்கு மாத்திரம் உள்ளூர் மணியாக மாற்றிக் காட்டுவதோ உத்தமமான முறை.

ஆனால் 'எல்லாவற்றையும் யுடிசியில் எழுது, கவலையை விடு' என்று இளைஞர்களுக்கு உபதேசிக்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நடந்ததற்கு யுடிசி போதும், நடக்கப்போவதற்குப் போதாது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் காலை ஒன்பது மணிக்குப் பல் வைத்தியரிடம் வருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டால், அவர் ஒப்புக்கொண்டது அந்த ஊர்க் கடிகாரம் அன்று காட்டப்போகிற ஒன்பது மணியை. கிரீன்விச்சின் ஏதோ ஒரு கணத்தையல்ல. நடுவில் சர்க்கார் சட்டத்தை மாற்றிவிட்டால், முன்கூட்டியே யுடிசியாக மாற்றி எழுதிவைத்த குறிப்பு பொய்த்துப்போகும். இப்படி மாற்றுவது அபூர்வமும் அல்ல. துருக்கி 2016இல் கோடை நேரத்தையே ஆண்டு முழுமைக்கும் நிரந்தரமாக்கிக்கொண்டது. மெக்ஸிகோவின் பெரும்பகுதி 2022இல் கோடை நேரத்தைக் கைவிட்டது. ஐரோப்பியப் பாராளுமன்றம் 2019இல் இந்த வழக்கத்தையே ஒழிக்க வாக்களித்தும் அது இன்னும் காரியத்தில் வரவில்லை. லெபனானில் 2023 மார்ச் மாதத்தில், ரமலான் நோன்பை உத்தேசித்துக் கோடை நேரத்தைத் தள்ளிப்போடுவதாக அரசாங்கம் சில நாட்களுக்கு முன்னே அறிவிக்க, சில நிறுவனங்கள் அதை ஒப்புக்கொள்ள மறுத்துப் பழைய தேதியிலேயே கடிகாரத்தைத் திருகிக்கொள்ள, ஒரே நாட்டில் சில தினங்கள் இரண்டு மணிகள் வழங்கின; கடைசியில் அரசாங்கமே தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆகையால் வருங்காலத்தை எழுதும்போது ஊரின் பெயரையும் அவ்வூர்க் கடிகார மணியையும் எழுதிவைத்துக்கொண்டு, நாள் நெருங்கும்போது அன்றைய சட்டப்படி கணக்கிட்டுக்கொள்வதே விவேகம். முகூர்த்தம் குறிக்கிறவர் 'இந்த ஊரில், இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு' என்றுதானே குறிக்கிறார்?

எந்த ஊரில் எந்தத் தேதியில் என்ன சட்டம் என்பதை இயந்திரங்கள் எங்கே பார்த்துக்கொள்கின்றன? அதற்கென்று ஒரு பேரேடு இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980களில் தொடங்கிய அந்தக் கால மண்டலத் தொகுப்பைப் பிற்பாடு பால் எக்கெர்ட் என்பவர் பொறுப்பேற்று, உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் ஒத்தாசையோடு பராமரித்து வருகிறார். ஒரு நாட்டு மந்திரிசபை கடிகாரத்தைத் தொடுவதாகத் தீர்மானித்தால், அதை அவர்கள் பேரேட்டில் ஏற்ற, அங்கிருந்து நம் கைப்பேசிவரையில் வந்து சேருகிறது. அதில் 'அமெரிக்கா/நியூயார்க்' என்பது போல ஊர்ப்பெயரால் மண்டலங்களைக் குறிக்கிறார்கள். இந்தியா முழுமைக்கும் 'ஆசியா/கொல்கத்தா'. முந்தைய காலத்து விவரங்களுக்காக அவர்கள் பெரிதும் நாடியவற்றில் ஒன்று, தாமஸ் ஷாங்க்ஸ் என்பவர் தொகுத்த அட்லஸ். அது யாருக்காகத் தொகுக்கப்பட்டது தெரியுமா? ஜோதிடர்களுக்காக. பிறந்த ஊரில் பிறந்த நாளன்று எந்த நேரம் வழங்கியது என்ற கேள்வியை ஊர் ஊராக, வருஷம் வருஷமாகத் துருவிப் பார்க்கவேண்டிய அவசியம் கணினிகளுக்கு முன்பு அவர்களுக்குத்தான் இருந்தது. இந்த உறவு 2011இல் வழக்காகவும் முற்றியது. ஜோதிட மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம், தன் அட்லஸின் விவரங்களை எடுத்துக்கொண்டதாகச் சொல்லி ஓல்சன், எக்கெர்ட் இருவர்மீதும் வழக்குத் தொடுத்தது. சரித்திரத்தில் நடந்த சம்பவம் எவருடைய உடைமையுமல்ல என்ற வாதத்தின்முன் நிற்கமாட்டாமல், சில மாதங்களில் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது.

இவையெல்லாம் வெள்ளைக்காரர் பாடு என்று நாம் நினைத்துவிட முடியாது. இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபரில் அரைமணி பின்னே இழுத்து, பத்து வருஷம் கழித்து, 2006 ஏப்ரல் நடுவில், மிச்ச அரைமணியையும் இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குள் இருந்த பிரதேசங்கள் பழைய நேரத்தையே அனுசரித்தன. ஆகவே 2000ஆம் ஆண்டில் வடக்கிலே எழுதிய ஒரு குறிப்பில் 'காலை ஆறு மணி' என்றிருந்தால், எந்த எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் எழுதியது என்று தெரிந்தாலன்றி அரைமணியைத் தீர்க்கமுடியாது. பேரேட்டில் இருப்பதோ 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பெயர். மலேயாவையும் சிங்கப்பூரையும் சேர்ந்த தமிழர்களுக்கு 1981ஆம் வருஷத்தின் கடைசி இரவில் பதினொன்றரை மணி அடித்தவுடனே புத்தாண்டு பிறந்துவிட்டது. அந்த அரைமணியில் பிறந்தவர் ஒருவரும் இல்லை, பிறக்கவும் முடியாது. அப்படி ஒரு பிறப்பை எந்தப் பதிவேடாவது காட்டினால், பதிவு தவறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சென்னையில் இந்தத் தொழிலில் ஈடுபட்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பிரத்தியேகமான ஆபத்தும் இருக்கிறது. நவம்பர் வந்தால், நியூயார்க்கில் காலை ஒன்பது மணிக்கு நடக்கும் ஆலோசனைக்கு, நேற்றுவரை மாலை ஆறரைக்கு உட்கார்ந்தவர்கள் ஏழரைக்கு உட்காரவேண்டும் என்பதைத்தான் அவர்கள் அறிவார்கள். அதை ஒரு சிறு உபத்திரவமாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்குத் தாமதமாகப் போகிறார்கள். ஆனால் தங்கள் மேஜைமேல் இருக்கும் இயந்திரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது என்பதையும், இந்திய நேரத்தில் 1945க்குப் பிறகு இரட்டித்த மணியும் இல்லை, விடுபட்ட மணியும் இல்லை என்பதையும் அவர்கள் யோசிப்பதில்லை. ஆகவே எழுதிய நிரலை அங்கே எத்தனை தடவை சோதித்துப் பார்த்தாலும் சரியாகவே ஓடும். கடல் கடந்து போய் நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை வரும்வரையில் குற்றம் வெளிப்படாது. வெயிலில் மாத்திரம் நின்று பார்த்துக் குடையை வாங்குகிறவன் கதைதான். நியூயார்க்கின் அந்த இரண்டு இரவுகளையும் பொய்யாக உண்டாக்கிக்கொண்டு, அவற்றுக்குள் நிரலை ஓடவிட்டுப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். அன்றாட வேலைகளை உள்ளூர் மணி ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே வைக்காமல் தவிர்ப்பது இன்னொரு வழக்கம். குழி இருக்கும் இடம் தெரிந்தவன் சற்று விலகி நடப்பதில் வெட்கமில்லை.

முதலில் சொன்ன ஜோதிடரிடம் திரும்பி வருவோம். 1945 அக்டோபரில் நம் நாட்டுக் கடிகாரங்களைப் பின்னே இழுத்தபோது, இந்தியாவிலும் ஒரு மணி இரட்டித்து வந்ததுதான். அந்த நேரத்தில் பிறந்த குழந்தையின் மணியை வெறுமே குறித்துவைத்திருந்தால், எத்தனை கெட்டிக்கார ஜோதிடரானாலும், எத்தனை வேகமான கணினியானாலும், எது முன்னது, எது பின்னது என்று இன்றைக்குக் கண்டுபிடிக்க மார்க்கமில்லை. வினாடிக்குக் கோடிக் கணக்கில் எண்களைப் பெருக்கிக் கழிக்கிற சக்தியால், எழுதாமல் விட்ட ஓர் எழுத்தை வரவழைத்துவிட முடியாது. பிறந்த குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டே, ஓலைப்பெட்டிக் காகிதத்தில் மணியை எழுதி, அதன் பக்கத்தில் 'யுத்த நேரம்' என்று இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதிய ஒரு தகப்பனார் இருந்திருப்பாரானால், அவருக்குக் கணினி என்றால் என்னவென்று தெரிந்திராது. ஆயினும் இன்றைய நிரலர் கற்றுக்கொள்ளவேண்டிய காரியத்தை, செய்யவேண்டிய ஒரே வேளையில், அவர் செய்துமுடித்திருக்கிறார்.